கதவண்ணாச்சி கட்டிய வீடு

அன்றைக்கு எங்கள் வீட்டு பாத்ரூம் கதவுக்கு வெளியே நின்றவர்கள்: தாத்தா. அப்பா. அம்மா. கல்யாணத் தரகர். பெண்ணின் அம்மா. பெண்ணின் தாய்மாமா. நான்.

உள்ளே இருந்தவர் பெண்ணின் அப்பா. போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கீழப்பாவூரிலிருந்து மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தவர்.

கதவு திறக்கவில்லை.

தாத்தாவைப் பற்றிச் சொல்லாமல் அந்தக் கதவைப் பற்றிச் சொல்ல முடியாது. உலகத்தில் எல்லோரும் வீட்டைக் கட்டிவிட்டுக் கதவு போடுவார்கள். கதவைப் போட்டுவிட்டு வீட்டைக் கட்டிய ஒரே ஆள் எங்கள் தாத்தாதான். தென்காசியிலிருந்து குற்றாலம் வரைக்கும் அவருக்குக் கதவண்ணாச்சி என்றுதான் பெயர். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால், எங்கள் பக்கத்து வீட்டிலேயே அப்படி யாரும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

செங்கோட்டைப் பக்கம் ஒரு மர அறுப்பு மில்லில் அவருக்கு லோடு ஏற்றுகிற வேலை. நாள் பூராவும் தடி தூக்குவார். திரும்பி வரும்போது சைக்கிளில் ஒரு கதவு இருக்கும். ரோட்டை அகலப்படுத்த ஒரு வீட்டை இடித்தார்கள் என்றால் வீட்டுக்காரருக்கு முன்னால் தாத்தா அங்கே நிற்பார். அழுகிறவரிடம் இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்லுவார். மூன்றாவது வார்த்தை, "இந்தக் கதவை என்ன செய்யப் போறிய?"

கதவு வந்த பிறகுதான் அதற்கு ஒரு அறை யோசிப்பார். நிலையை வெறும் தரையில் நட்டு, கதவை மாட்டி, நாலைந்து நாள் அதற்குள் போய்ப் போய் வருவார். சுவர் கிடையாது, கூரை கிடையாது. செடிக்கு நடுவில் ஒரு கதவு மட்டும் நிற்கும். சாயங்காலம் ஆனால் அதைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார்.

"சுத்தி எங்கேயும் சுவரே இல்ல. எதுக்கு மாமா பூட்டுதிய?" என்று அம்மா கேட்பாள்.

"கதவுன்னா பூட்டணும்."

"அந்தப் பக்கமாச் சுத்தி வந்தா?"

"முறை தெரிஞ்சவன் சுத்தி வர மாட்டான்."

உண்மைதான். எங்கள் தெருக்காரர்கள் அந்தக் கதவைத் தட்டிவிட்டுத்தான் வருவார்கள். முதலில் கேலிக்குத் தட்டினார்கள். பிறகு அதுவே பழகிவிட்டது. பால்காரர் ஒரு நாள் அந்தக் கதவு பூட்டியிருப்பதைப் பார்த்து, வீட்டில் ஆள் இல்லை என்று திரும்பிப் போய்விட்டார். அம்மா பத்தடி தள்ளி நின்று கையைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

அம்மாவுக்கும் தாத்தாவுக்கும்தான் வீட்டில் பேச்சு. அப்பா அதிகம் பேச மாட்டார். நானும் அப்படித்தான். நான் லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் சரி.

இப்படிக் கதவு கதவாக வீடு வளர்ந்தது. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது. ஒன்று ஆள் உயரம், ஒன்று யானை உயரம். மூடிப் போன சினிமாக் கொட்டகையிலிருந்து இரண்டு வந்தன. பெயின்டைச் சுரண்ட அவருக்கு மனசு வரவில்லை. அதனால் இன்றைக்கும் எங்கள் ஹால் கதவில் 'தரை டிக்கெட்' என்று இருக்கும். சாமி அறைக் கதவில் 'பெண்கள் மட்டும்'. அப்பா விளக்குப் போட அதற்குள் போகும்போதெல்லாம் அம்மா ஒரு பார்வை பார்ப்பாள்.

கதவில் ஆணி அடிக்க விட மாட்டார். அது ஒன்றுதான் வீட்டில் சட்டம். அம்மா ஒரு தடவை காலண்டர் மாட்ட ஒரே ஒரு சின்ன ஆணி கேட்டாள். "அது முதுவுல ஆணி அடிச்சா ஒனக்குப் பொறுக்குமா?" என்றார். காலண்டருக்குத் தனியாக ஒரு கம்பு நட்டுக் கொடுத்தார். ஹால் நடுவில். ரொம்ப நாள் எல்லோரும் அதில் இடித்துக்கொண்டோம்.

ஆனால் வேலை சுத்தம். கொத்தனார் கிடையாது, சித்தாள் கிடையாது. கல்லும் அவர்தான் சுமப்பார், சாந்தும் அவர்தான் குழைப்பார். தரை போட்டால் நடுவில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டுக் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். பழம் உருண்டால் தரையைக் கொத்திவிட்டு மறுபடி போடுவார். உருளாமல் நின்றால் அதைப் பிழிந்து ஜூஸ் குடிப்பார். அந்த ஜூஸ் குடித்தார் என்றால் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

அடுக்களை மேடை கட்டும்போது அம்மாவைக் கூப்பிட்டு நிற்க வைத்தார். கையை மடக்கச் சொன்னார். முழங்கைக்குக் கீழே ஒரு சாண் அளந்து, சுவரில் கரிக்கோடு போட்டார். அந்த மேடையில் எத்தனையோ வருஷமாக அம்மா அரைக்கிறாள், நறுக்குகிறாள். இடுப்பு வலி என்று ஒரு நாள் சொன்னதில்லை. வேறு வீட்டுக்குப் போய் வேலை செய்துவிட்டு வந்தால்தான் வலிக்குது என்பாள்.

அந்த அடுப்புக்குப் பின்னால் சுவருக்குள் இரும்புக் குழாயை வளைத்து வளைத்துப் பதித்தார். மேலே தொட்டியிலிருந்து வருகிற தண்ணீர் அதற்குள் ஓடி, சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூமில் சுடச்சுட விழும். குற்றாலத்தில் சீசன் என்றால் ஊரே பச்சைத்தண்ணீரில் விழுந்து நடுங்கும். எங்கள் வீட்டில் அம்மா உலை வைத்தால் அப்பாவுக்கு வெந்நீர். சோறு கொதிக்கும் முன்னால் குளித்துவிட வேண்டும். அது ஒன்றுதான் கஷ்டம்.

இனி மாடிக் கதவு.

மாடியில் மேற்குச் சுவரில் ஒரு தேக்குக் கதவு. நல்ல இழைப்பு. திறந்தால் ஒன்றும் இருக்காது. காற்றுதான். கீழே எட்டிப் பார்த்தால் வாழை. நேரே பார்த்தால் மலை. மழை நாளில் மலையில் வெள்ளைக் கோடு மாதிரி அருவி தெரியும். யாரும் விழுந்துவிடாமல் குறுக்கே ஒரு சங்கிலி.

நான் சின்னப் பையனாக இருந்தபோதே அதை மாட்டிவிட்டார். "இது பேரன் கல்யாணத்துக்கு. அவ வந்த பொறவு ரூம் கட்டிக்கிடலாம்" என்றார். கதவு காத்துக் கிடந்தது. நானும் காத்துக் கிடந்தேன்.

வீட்டில் எத்தனை கதவு என்று தெருப் பிள்ளைகள் கேட்பார்கள். அம்மா ஒரு கணக்குச் சொல்லுவாள். தாத்தா அதில் ஒன்று குறைத்துச் சொல்லுவார். மாடிக் கதவைச் சேர்க்க மாட்டார். "ஆள் போய் வரணும். அப்பதான் கதவு. இல்லாட்டி வெறும் பலகை."

முதல் சம்பந்தம் ராயகிரியிலிருந்து வந்தது. பெண்ணின் பெரியப்பா காற்றாட நிற்கலாம் என்று அந்தக் கதவைத் திறந்து காலை எடுத்து வைத்தார். சங்கிலி தாங்கிவிட்டது. அவர் பாதி வெளியே தொங்கியபடி, "தள்ளி விட்டுக் கொல்லப் பாக்காவ!" என்று போட்ட சத்தத்தில் ரோட்டில் பஸ் நின்றது. காப்பி குடிக்காமலே போய்விட்டார்கள்.

இரண்டாவது வந்தவர்கள் நிதானமானவர்கள். "மொதல்ல ரூமைக் கட்டுங்க. பொறவு பொண்ணு தாறோம்" என்றார்கள்.

தாத்தா, "மொதல்ல பொண்ணைத் தாங்க. பொறவு ரூம் கட்டுதேன்" என்றார்.

அவர்களும் போய்விட்டார்கள். ரூம் இல்லாததால் பெண் வரவில்லை. பெண் வராததால் ரூம் வரவில்லை. எனக்கு முப்பத்திரண்டு ஆகிவிட்டது.

"ஒங்க பிடிவாதத்துல எம்புள்ள சாமியாராத்தான் போவப் போறான்" என்று அம்மா அழுதாள். தாத்தா அன்றைக்குச் சாப்பிடவில்லை. போய் அந்தச் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாவதுதான் கீழப்பாவூர். நான் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். பெயர் மகேஸ். தென்காசியில் ஜவுளிக்கடையில் வேலை. காப்பியைக் கையில் தந்துவிட்டு, "சீனி போதுமா?" என்று கேட்டாள். போதும் என்றேன். சீனியே போடவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. எனக்குப் பிடித்துவிட்டது. இந்த இடமும் தட்டிப்போனால் இனிமேல் தேட மாட்டேன் என்று தரகர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்.

அவர்கள் வீடு பார்க்க வந்த அன்றைக்குச் சாரல். ஏட்டையா பைக்கில் நனைந்து, முழங்கால் வரை சேற்றோடு வந்து இறங்கினார். கைகால் கழுவ பாத்ரூமுக்குப் போனார். அம்மா வடை சுட அடுப்பை மூட்டியிருந்தாள். எல்லாம் சரியாகத்தான் போனது.

பாத்ரூம் கதவு வேங்கை மரம். மூட்டை அடுக்குகிற ஏதோ ஒரு கிட்டங்கியில் இருந்தது. கீழே கல்லில் குழி வெட்டி அதற்குள் இறங்குகிற தாழ்ப்பாள். சாரல் காலத்தில் அது உப்பிக்கொள்ளும். தாழ் போட்டால் எடுக்க வராது. அதனால் ஆனி, ஆடி மாதங்களில் எங்கள் வீட்டில் யாரும் அதற்குத் தாழ் போட மாட்டோம். துண்டைக் கதவுக்கு மேல் வெளிப்பக்கமாகப் போட்டுவிட்டு உள்ளே போவோம். துண்டு தொங்கினால் ஆள் இருக்கிறது. இதுதான் முறை. எங்களுக்கு இது மூச்சு விடுகிற மாதிரி. விருந்தாளிக்குச் சொல்ல வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

ஏட்டையா தாழ் போட்டுவிட்டார்.

முதலில் தட்டினார். பிறகு இடித்தார். பிறகு உதைத்தார்.

தாத்தா கதவுக்கு வாயை வைத்து, "ஏட்டையா, பதறாதிய. நான் சொல்லுத மாதிரி செய்ங்க. நாங்க வெளிய இழுக்கும்போது நீங்க தாழைத் தூக்கணும்" என்றார்.

"யாருய்யா அது எனக்கு ஆர்டர் போடுதது? சர்வீஸ் பூரா நான்தான் அடுத்தவனை உள்ள போட்டுப் பூட்டினேன். என்னையே உள்ள போட்டுட்டியளா?"

"நாங்க பூட்டலங்க. நீங்கதான்…"

"எதுத்துப் பேசாதிய!"

மறுபடி உதை. தரகர் என் காதில், "போச்சு. இதுவும் போச்சு. நான் பஸ்ஸைப் பிடிக்கேன்" என்றார். பெண்ணின் தாய்மாமா யாருக்கோ போன் போட்டு, "இங்கன ஒரு சின்னப் பிரச்னை. மச்சான் அரெஸ்ட் ஆகிட்டாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

திடீரென்று உள்ளே சத்தம் நின்றது.

பெண்ணின் அம்மா கதவைத் தட்டினார். "என்னங்க? என்னங்க! சத்தத்தையே காணோமே. அவாளுக்குப் பிரஷர் உண்டே!" என்று அழ ஆரம்பித்தார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா முதல் தடவையாக வாயைத் திறந்து, "ஒடைச்சிரலாம்" என்றார்.

எல்லோரும் தாத்தாவைப் பார்த்தோம்.

அவர் வீட்டுக்குப் பின்னால் போனார். கடப்பாரையோடு வந்தார். எல்லோரையும் நகரச் சொல்லிவிட்டு அதைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் கொடுத்தார்.

ஒரு ஆணி அடிக்க விடாத மனிதர். அம்மாவுக்கே பொறுக்கவில்லை. "மாமா… இது வேங்கை, மாமா" என்றாள்.

"வேங்கை கெடக்கட்டும். பயலுக்கு வயசு ஏறிட்டுப் போவுது."

கடப்பாரையில் எடையைப் போட்டார். மரம் ஒரு தடவை முனகியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போது உள்ளேயிருந்து தண்ணீர் ஊற்றுகிற சத்தம். அதோடு ஒரு முனகல். முருகன் பாட்டு மாதிரி இருந்தது. ராகம் இல்லை.

பிறகு குரல். "யாரும் ஒடைச்சிராதிய. இப்பதான் சோப்புப் போட்டிருக்கேன்."

தாத்தா கடப்பாரையை எடுத்தார். அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"பெரியவரே, இந்தச் சுடுதண்ணி எங்கேருந்து வருது?" உள்ளே குரல் இறங்கியிருந்தது.

"அடுப்புலேருந்து."

"கரண்டு இல்லையா?"

"வெறகுதான்."

"அடேயப்பா! குளிரு எலும்புக்குள்ள போயிருந்துச்சு. ஆள் பொழைச்சேன்."

தாத்தா அம்மா பக்கம் திரும்பினார். "ஏம்மா, ஓடிப் போய் வெறகைத் தள்ளு. ஏட்டையா இன்னும் தலைக்கு ஊத்தல."

அம்மா ஓடினாள். நாங்கள் எல்லோரும் வரிசையாக நின்று அவர் குளித்து முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தோம். பெண்ணின் அம்மா, "வீட்டுல குளிக்கச் சொன்னா ரெண்டு செம்போட ஓடி வந்துருவாவ" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"பெரியவரே, இங்கன துண்டைக் காணோமே?"

"துண்டு வெளியதான் கெடக்கணும். அதுதான் இந்த வீட்டு முறை. துண்டு கெடந்தா தாழ்ப்பாளே வேண்டாம்."

உள்ளே செம்பைக் கீழே வைக்கிற சத்தம். "இதை மொதல்லயே சொல்லக் கூடாதா?"

"தெரியும்னு நெனச்சோம்."

இப்போது ஏட்டையா ஆர்டருக்குக் கட்டுப்பட்டார். தாத்தா கதவு வளையத்தைப் பிடித்தார். அவர் இடுப்பை நான், என்னை அப்பா, அப்பாவைத் தாய்மாமா, கடைசியில் பஸ்ஸுக்குப் போகாத தரகர். தாத்தா சொன்ன நேரத்தில் நாங்கள் இழுத்தோம், உள்ளே ஏட்டையா தூக்கினார். தாழ் வந்தது. கதவும் வந்தது. நாங்கள் ஐந்து பேரும் ஒருவர் மேல் ஒருவராகக் கிடந்தோம். ஏட்டையா ஈர வேஷ்டியோடு, முகம் சிவந்து, குழந்தை மாதிரி நின்றார்.

"எங்கன அந்த அடுப்பு? காட்டுங்க" என்றார்.

வடையைக் கையில் வைத்துக்கொண்டே தாத்தாவுக்குப் பின்னால் வீடு முழுக்கச் சுற்றினார். குழாயைப் பார்த்தார். மேடையைப் பார்த்தார். எலுமிச்சம்பழம் கேட்டு வாங்கி அவரே தரையில் வைத்துப் பார்த்தார். உருளவில்லை. 'பெண்கள் மட்டும்' கதவைப் பார்த்து விறைப்பாக நின்றுவிட்டார். கும்பிட்டுக்கொண்டே உள்ளே போகலாம் என்று தாத்தா சொன்ன பிறகுதான் போனார்.

மாடிப்படிக்கு வந்ததும் அம்மா குறுக்கே நின்றாள். "மேல ஒண்ணும் இல்லங்க."

"இருக்கட்டும். பாத்துட்டு வாறோம்."

மேலே போய்விட்டார்கள். ஏட்டையா தேக்குக் கதவைத் தடவினார். திறந்தார். சாரல் முகத்தில் அடித்தது. சங்கிலி ஆடியது. கீழே வாழை.

தரகர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"என்ன அண்ணாச்சி இது?"

"பேரன் ரூம்."

"எங்க ரூமு?"

"இன்னும் கட்டல."

"இம்புட்டு வேலை செஞ்ச ஆளு, இதை ஏன் கட்டாமப் போட்டிருக்கிய?"

தாத்தா எங்கள் யாருக்கும் சொல்லாததை அவரிடம் சொன்னார். "வரப்போறவ நெட்டையா குட்டையான்னு எனக்குத் தெரியாது. அலமாரி எந்த உயரத்துல வைக்க? என் அளவுக்கு வச்சா அவ வாழ்நாள் பூரா எக்கி எக்கி எடுக்கணும். கட்டுனதை இடிக்க எனக்குப் பிடிக்காது."

அம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஒங்க மக எம்புட்டு உசரம்?" என்று தாத்தா கேட்டார்.

ஏட்டையா கையைத் தன் நெஞ்சுக்கு நேரே வைத்தார். பிறகு தோளுக்கு ஏற்றினார். மறுபடி இறக்கினார். பெற்றவருக்குத் தெரியவில்லை. போனை எடுத்து வீடியோ கால் போட்டார்.

"ஏட்டி, போனை ஆச்சிகிட்டக் கொடுத்துட்டுச் சுவரு பக்கம் நிமிந்து நில்லு. கையை மேல தூக்கு. எக்காத! எக்காம எம்புட்டு எட்டுது?"

"எதுக்குப்பா? போலீசுக்கு ஆள் எடுக்காவளா?"

"அலமாரிக்கு. மாப்பிள்ளையோட தாத்தா கேக்காரு. ஒனக்கு எட்டுத உசரத்துலதான் வைப்பாராம்."

போனில் அவள் சுவரோடு நின்று கையைத் தூக்கினாள். பிறகு மகேஸ் சொன்னாள்: "கடையில நாள் பூரா ஸ்டூலு போட்டு ஏறித்தான்பா சேலை எடுக்கேன். நம்ம வீட்டுலயும் எனக்கு எதுவும் எட்டாது. இது வரைக்கும் யாரும் கேட்டதில்ல." கையை இறக்கிவிட்டு, "ஊரெல்லாம் சொல்லுத அந்தக் கதவைக் காட்டுங்க" என்றாள்.

ஏட்டையா போனைத் திருப்பினார். அவள் காற்றைப் பார்த்தாள். மலையைப் பார்த்தாள். சிரித்தாள். "அருவி தெரியுது. சன்னலை அந்தப் பக்கமா வைக்கச் சொல்லுங்க."

அவ்வளவுதான் சம்மதம். தாத்தா கீழே இறங்கிப் போய் எலுமிச்சம்பழத்தை எடுத்துப் பிழிந்தார். தரைகூட இன்னும் போடவில்லை.

மறுநாள் செங்கல் இறங்கியது. எண்பதைத் தாண்டிய ஆள், வாழைக்கு நடுவில் தூண் எழுப்பி, சாரம் கட்டி ஏறினார். அப்பாவும் நானும் கைக்கு எடுத்துக் கொடுத்தோம். கல்யாணத்துக்கு முந்தின நாள் சுண்ணாம்பு காய்ந்தது. மறுநாள் மகேஸ் உள்ளே வந்து, பட்டுச் சேலையோடு கையைத் தூக்கினாள். உள்ளங்கை அலமாரியில் தட்டையாகப் படிந்தது. குதிகால் தரையில் இருந்தது. தாத்தா வாசலில் நின்று அந்தக் குதிகாலைத்தான் பார்த்தார். பிறகு தெருவுக்குப் போய்ப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, "ஏலே, இன்னைக்கு ஒண்ணு கூடிட்டு" என்றார்.

போன ஐப்பசியில் போய்ச் சேர்ந்தார். படுக்கையில் கிடக்கவில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர்தான். எந்த வாசல் வழியாகக் கொண்டுபோவது என்று சொந்தக்காரர்கள் கொஞ்ச நேரம் தடுமாறினார்கள். அப்பா 'தரை டிக்கெட்' கதவைத் திறந்துவிட்டார். அதுதான் எல்லாவற்றிலும் அகலம்.

அதற்கு ஒரு மாதம் முன்னால் ஆய்க்குடிப் பக்கம் எங்கோ இடித்த பால்வாடியிலிருந்து ஒரு கதவு எடுத்திருந்தார். என் லோடு ஆட்டோவில்தான் வந்தது. குட்டைக் கதவு. பச்சைப் பெயின்ட், நடுவில் ஒரு கிளி. நான் குனிந்துதான் போக வேண்டும்.

"இது யாருக்குத் தாத்தா?" என்று கேட்டேன்.

"ஆள் வரட்டும்" என்றார்.

தார்ப்பாயைப் போட்டு மூடி வைத்திருந்தோம். போன வாரம் அதை எடுத்து எங்கள் ரூம் சுவரில் நிலை வைத்து மாட்டினேன். ஆணி அடிக்கவில்லை. திறந்தால் காற்றுதான். கீழே வாழை.

அம்மா வந்து பார்த்தாள். "ஒனக்கும் கதவுக் கிறுக்குப் பிடிச்சிட்டாலே?" என்று கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனாள். மகேஸ் பழைய சங்கிலியைத் தேடி எடுத்து வந்து எண்ணெய் போட்டுக் குறுக்கே கட்டினாள்.

தெருப் பிள்ளைகள் வந்தார்கள். இப்போது எத்தனை கதவு என்று கேட்டார்கள்.

கிளிக் கதவை நான் சேர்க்கவில்லை. ஆள் போய் வரணும்.

பத்தொன்பது.